ரூம் காலி, ரேட் மட்டும் ஏன் இறங்கவில்லை? ஸ்டார் ஓட்டல் கேள்வி பதில்

சுற்றுலா மந்தமாக இருக்கும் மாதங்களில் ஸ்டார் ஓட்டலில் ரூம் போடுவது பற்றி வடசென்னை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். வரிக் கணக்கெல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி விகிதப்படி போட்டது.

பெரம்பூர்: சார், பாதி ரூம் காலி என்கிறார்கள். ஆப்பைத் திறந்தால் பழைய ரேட்தான் நிற்கிறது. ஏன்?

வெளியே தெரியும் ரேட்டைக் குறைப்பதை ஸ்டார் ஓட்டல்கள் கடைசி வரை தள்ளிப்போடும். 9,000 ரூபாய் ரூமை ஒருமுறை 6,000-க்கு விற்றுவிட்டால், வாடிக்கையாக வருகிறவர் மனதில் அதன் விலை 6,000 என்றே பதிந்துவிடும். வருஷ ஒப்பந்தம் போடும் கம்பெனிகளும் அந்த 6,000-த்தைக் காட்டித்தான் பேரம் பேசும். கூட்டம் திரும்பி வந்த பிறகும் ரேட்டை மேலே ஏற்றப் படாதபாடு படவேண்டும். அதனால் போர்டு விலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இறக்குவார்கள். காலை உணவு இலவசம், ஒரு படி பெரிய ரூம், மாலை 4 மணி வரை செக்-அவுட், இரண்டு இரவுக்கு மூன்றாவது இரவு சும்மா, சாப்பாட்டுக்கு 1,500 ரூபாய் கிரெடிட் என்று வருவதெல்லாம் ரேட் குறைப்புதான். நாம்தான் அதை விலையாகப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் கமிஷன். புக்கிங் ஆப்கள் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. எங்களைவிடக் குறைந்த ரேட்டை வெளியே காட்டக்கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. போனிலும் மெயிலிலும் உங்களுக்கு மட்டும் சொல்கிற ரேட் ‘வெளியே காட்டுவது’ ஆகாது. அந்த இடுக்கில்தான் உங்கள் லாபம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஆப்பில் ரூம் 9,000. 18 சதவீத வரியோடு நீங்கள் கட்டுவது 10,620. கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஓட்டல் கைக்குப் போவது 7,380. அதே ரூமை நேரடியாக 7,500-க்குக் கேட்டால் வரி 5 சதவீதமாக இறங்கி, நீங்கள் கட்டுவது 7,875. உங்களுக்கு 2,745 ரூபாய் மிச்சம், ஓட்டலுக்கும் 120 ரூபாய் கூடுதல். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். 5 சதவீத வரி போட்டால் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. அதனால் எல்லா மேனேஜரும் உடனே தலையாட்டிவிட மாட்டார்கள்.

ராயபுரம்: அண்ணே, போனில் எப்படிப் பேசுவது? தள்ளுபடி கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

தள்ளுபடி என்ற சொல்லையே எடுக்கவேண்டாம், தம்பி. முதலில் ஆப்பில் பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், வரியோடு வரும் மொத்தத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதல் பக்கத்தில் மின்னும் எண்ணை நம்பிப் பேசினால் அங்கேயே தோற்றுவிடுவீர்கள்.

பிறகு அந்த ஓட்டலின் சொந்த எண்ணுக்கு, திங்கள் முதல் வெள்ளிக்குள், காலை 11-இலிருந்து மாலை 4-க்குள் பேசுங்கள். கம்பெனி முழுமைக்கும் பொதுவான டோல்-ஃப்ரீ எண் வேண்டாம். அங்கே இருப்பவர் திரையில் தெரியும் ரேட்டைத்தான் படிப்பார். இரவு ஃப்ரண்ட் ஆபீசில் இருப்பவருக்கும் ரேட்டை மாற்றும் அதிகாரம் இருக்காது. ‘ரிசர்வேஷனுக்குக் கொடுங்கள்’ என்று கேட்டு, இப்படிச் சொல்லுங்கள்:

“வர்ற 14, 15 ரெண்டு நைட், ரெண்டு பேர். ஆப்பில டாக்ஸோட 21,240 காட்டுது. உங்ககிட்ட நேரா போடலாம்னு இருக்கேன். ரூம் 7,500-க்குள்ள வருமா? வராதுன்னா இதே ரேட்டுல என்ன சேர்த்துத் தருவீங்க?”

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ரேட்டை இறக்க முடியாதவரும் காலை உணவு, லேட் செக்-அவுட், ஏர்போர்ட் வண்டி இவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவார். பேசி முடிந்ததும் மெயிலில் வாங்குங்கள். ரூம் வகை, சாப்பாட்டுத் திட்டம், வரி உள்ளேயா வெளியேயா, எந்தத் தேதி வரை இலவசமாக கேன்சல் செய்யலாம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும். சாப்பாட்டில் சிபி என்றால் காலை உணவு மட்டும். எம்ஏபி என்றால் காலை உணவோடு இன்னொரு வேளை. ஏபி என்றால் மூன்று வேளையும். ‘இருந்தால் பெரிய ரூம் தருகிறோம்’ என்று எழுதியிருந்தால் அது வாக்குறுதி இல்லை. அதற்கு விலை போட்டுப் பார்க்காதீர்கள்.

தண்டையார்பேட்டை: ரூமுக்கு 5 சதவீதம் போட்டவர்கள் அங்கேயே சாப்பிட்டதற்கு 18 போட்டிருக்கிறார்கள். தவறுதானே?

தவறில்லை அம்மா. ரூம் வரி அந்தந்த இரவின் விலையைப் பார்த்து. 7,500 வரை 5, அதற்கு மேல் 18. ரெஸ்டாரண்ட் வரி அப்படி அல்ல. முந்தைய நிதியாண்டில் அந்த ஓட்டல் ஒரு ரூமையாவது ஒரு நாளுக்கு 7,500-க்கு மேல் கொடுத்திருந்தால், அங்கே சாப்பாட்டுக்கு 18 சதவீதம். இது 2025 ஏப்ரல் முதல் உள்ள முறை. ரேட் இறங்கிய காலத்தில் இந்த இரண்டும் ஒரே பில்லில் வருவது சகஜம்.

ரூமும் காலை உணவும் ஒரே விலையாக 8,000 என்றால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம், ஆக 9,440. ரூம் 7,000, காலை உணவு 1,000 என்று தனித்தனியாகப் பில் போட்டால் ரூம் 7,350, உணவு 1,180, ஆக 8,530. புக் செய்யும்போதே ரூம் மட்டும் போடச் சொல்லி, உணவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். செக்-அவுட் நேரத்தில் பிரிக்கச் சொன்னால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

இரண்டு இரவு ரேட் வேறு வேறாக இருந்தால் சராசரி போட விடாதீர்கள். வெள்ளி 7,200, சனி 8,400 என்றால் வரியோடு 7,560-ம் 9,912-ம் சேர்ந்து 17,472. ‘ரெண்டையும் 7,800 ஆக்கிடறேன் மேடம்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு இரவுமே 18-க்குள் போய் 18,408 ஆகிவிடும்.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

கொளத்தூர்: அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள். சென்னைக்குள்ளேயே ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் தங்கவைக்க ஆசை. எப்போது மலிவு?

நல்ல எண்ணம். ஓட்டல் யாருக்காக நடக்கிறது என்று பாருங்கள். கிண்டி, ஓஎம்ஆர் பக்கம் இருப்பவை கம்பெனி ஆட்களை நம்பியவை. அங்கே திங்கள் முதல் வியாழன் வரை ரேட் ஏறும், வெள்ளி முதல் ஞாயிறு வரை இறங்கும். ஈசிஆர், மாமல்லபுரம் ரிசார்ட்டுகள் இதற்கு நேர் எதிர். குடும்பங்கள் வருகிற சனிக்கிழமைதான் அங்கே உச்சம், செவ்வாயும் புதனும் காற்று வாங்கும். பெற்றோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்றால் ஈசிஆரில் செவ்வாய், புதன் போடுங்கள்.

அடுத்து பஞ்சாங்கம். பெரிய ஓட்டல்களின் மண்டப வருமானத்தில் கல்யாணத்துக்குப் பெரும் பங்கு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் குறைவதால், மணமக்கள் வீட்டார் எடுக்கும் ரூம்களும் காலியாகும். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் மொத்த மாடியையும் ஒரே வீட்டார் எடுத்துவிடுவார்கள், ரேட் எகிறும். காலண்டரில் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பாருங்கள். மார்கழி மட்டும் விதிவிலக்கு: கச்சேரி சீசனும் கிறிஸ்துமஸ், புத்தாண்டும் சேர்வதால் டிசம்பர் 20-க்குப் பிறகு மலிவு என்பதே கிடையாது. டிசம்பர் 24, 31 இரவுகளில் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கும் ஓட்டல்களும் உண்டு.

திருவொற்றியூர்: மாலத்தீவு, இலங்கை இரண்டுமே மந்தம் என்று ரீல்ஸில் வருகிறது. எங்கே போனால் லாபம்?

அந்த ரீல்ஸ் பழையது. 2023-இல் 2 லட்சத்துக்கு மேல் மாலத்தீவு போன இந்தியர்கள், 2024-இல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் அதே 2024-இல் அங்கே வந்த மொத்தப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நாம் போகாத இடத்தை மற்ற நாட்டார் நிரப்பிவிட்டால் ரிசார்ட் ஏன் ரேட்டைக் குறைக்கும்? இலங்கைக்கு 2018-இல் வந்தவர்கள் 23 லட்சம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா எல்லாம் சேர்ந்து 2021-இல் 2 லட்சத்துக்கும் கீழே போய், 2024-இல் மறுபடி 20 லட்சத்தைத் தொட்டது. அங்கே அடிமாட்டு விலைக்கு ரூம் கிடைத்த காலம் முடிந்தது. இனி பருவம் பார்த்துத்தான் லாபம்.

விலையில் ‘ப்ளஸ் ப்ளஸ்’ குறி இருந்தால் சர்வீஸ் சார்ஜும் வரியும் வெளியே என்று பொருள். இலங்கையில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் 18 சதவீத வாட்டும் சேர்ந்தாலே 100 டாலர் 129.80 ஆகும். தாய்லாந்தில் 117.70, சிங்கப்பூரில் 119.90. மாலத்தீவு ரிசார்ட்டில் 300 டாலர் ரூமுக்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 17 சதவீத வரி சேர்த்து 386.10. ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி தனி. இருவருக்கு ஓர் இரவு 410 டாலர். சீசன் இல்லாத மே முதல் அக்டோபர் வரையிலும் இந்தப் பசுமை வரி குறையாது.

அதற்கு மேல், தூரத்துத் தீவு ரிசார்ட்டுக்குக் கொண்டுபோய் விடும் கடல்விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் தலைநகர் மாலேயில் இறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்கவேண்டியதுதான், ரிசார்ட் அந்த இரவுக்குப் பணம் திருப்பாது. மதியத்துக்குள் இறங்கும் விமானத்தையோ, வேகப்படகில் போகக்கூடிய தீவையோ பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மாறாமல் ஒரே மெட்ரோ இருக்கிறது. ஆனால் அதிகாலை விமானத்துக்கு அதை நம்பவேண்டாம். 3 மணி நேரம் முன்னால் போய் நிற்க, விடியும் முன்பே கிளம்பவேண்டியிருக்கும்.

வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு ஜவுளிக்கடை: ஆடித் தள்ளுபடி முடியும் வரை கடையை விட்டு நகர முடியாது. ஆவணியில் ஐந்து நாள் கிடைக்கும். எங்கே போகலாம்?

கேரளம் என்றால் ஓணத்தைக் கழித்துப் போடுங்கள். அது அவர்களின் சிங்கம் மாதத்தில், அதாவது நம் ஆவணியில்தான் வரும். அந்த வாரம் ஆலப்புழை, மூணாறு எல்லாம் நிரம்பிவிடும். ஓணம் முடிந்து செப்டம்பர் கடைசி வரை மழையும் தணிந்திருக்கும், ரேட்டும் சீசனுக்கு ஏறியிருக்காது. இலங்கை என்றால் கிழக்குக் கரை: திருகோணமலை, பாசிக்குடா. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். அதே நேரத்தில் தெற்கே காலி நகரம், பெந்தோட்டைப் பக்கம் அலை கொந்தளிக்கும். ரூம் மலிவாகக் கிடைத்தாலும் குழந்தைகளைக் கடலில் இறக்க முடியாது.

வியாசர்பாடி: பணம் திரும்பாத ரேட் 15 சதவீதம் குறைவு. எடுக்கலாமா?

மந்த காலத்தில் வேண்டாம். ரேட் இன்னும் இறங்க வாய்ப்புள்ள நேரத்தில் கையைக் கட்டிக்கொள்வது போல ஆகிவிடும். கேன்சல் செய்யக்கூடிய ரேட்டில் போட்டுவிட்டு, இலவச கேன்சல் முடிகிற நாளுக்கு 7 நாள் முன்பும் 2 நாள் முன்பும் மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் புதிதாகப் போடுங்கள், கன்பர்மேஷன் வந்த பிறகு பழையதை கேன்சல் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டும் போகலாம். கேன்சல் கெடுவில் வரும் ‘48 மணி நேரம் முன்பு’ என்பது ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. இன்னும் மூன்று நாளில் கிளம்புவது உறுதி என்றால் மட்டும் திரும்பாத ரேட் சரி.

எண்ணூர்: செக்-இன் செய்யும்போது டெபிட் கார்டில் 10,000 பிடித்தார்கள். இன்னும் வரவில்லை.

டெபாசிட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் லிமிட்டை மட்டும் பிடித்துவைப்பார்கள், டெபிட்டில் உங்கள் பணமே முடங்கிவிடும். செக்-அவுட்டில் ‘ரிலீஸ்’ செய்த ரசீது வாங்கியிருந்தால் அதைக் காட்டி வங்கியில் கேளுங்கள். வெளிநாட்டில் கார்டு மெஷின் ‘ரூபாயிலா, அந்த ஊர்ப் பணத்திலா’ என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள்.

புளியந்தோப்பு: நல்ல ரேட்டுக்குப் போனோம். நீச்சல்குளம் மூடியிருந்தது, பஃபேயும் இல்லை. முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

ஆள் குறைந்தால் ஓட்டல் முதலில் செலவைக் குறைக்கும். இரண்டு மாடியைப் பூட்டும், மூன்று ரெஸ்டாரண்டில் ஒன்றை மட்டும் திறக்கும், விருந்தினர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் நாளில் பஃபேக்குப் பதில் தட்டில் கொண்டுவந்து கொடுக்கும். ரிப்பேர் வேலையையும் இந்த மாதங்களில்தான் வைத்துக்கொள்ளும். புக் செய்யும் முன்பு மெயிலில் தேதியைக் குறிப்பிட்டு மூன்றைக் கேளுங்கள்: நீச்சல்குளம் திறந்திருக்குமா, எத்தனை ரெஸ்டாரண்ட் நடக்கிறது, கட்டட வேலை எந்த மாடியில். ‘எல்லாம் இருக்கிறது’ என்று பதில் வந்து, போனால் இல்லை என்றால் அந்த மெயிலை டூட்டி மேனேஜரிடம் முதல் நாளே காட்டுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பு கேட்டால் ரேட்டைக் குறைப்பார்கள் அல்லது ரூமை மாற்றுவார்கள். கிளம்பும் நாளில் கேட்டால் மன்னிப்புக் கடிதம்தான் கிடைக்கும்.

மாதவரம்: ஊட்டி ரிசார்ட் ரேட் நன்றாக இருக்கிறது. காரில் போகிறோம். வேறு ஏதாவது வேண்டுமா?

இ-பாஸ். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இருக்கிறது. சீசனில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைப்பதும் உண்டு என்பதால், ரூமுக்குப் பணம் கட்டும் முன்பு பாஸை எடுத்துவிடுங்கள்.