குத்தாலத்துக்கு வர்ற டூரிஸ்ட்டுகள செங்கோட்டை-புனலூர் ரயில்ல ஏத்தணும்னா என்ன செய்யலாம்?

நான் செங்கோட்டைக்காரன். கூட்டத்துக்கு இங்க குறைவே இல்ல. சாரல் தொடங்கிட்டா ஐந்தருவி, பழைய குத்தாலம், பார்டர் பரோட்டான்னு கார் வரிசையா நிக்கும், அதுல நிறைய பேர் அப்படியே ஆரியங்காவு வழியா கேரளாவுல இருக்க தென்மலை டேம் வரைக்கும் போறாங்க. கழுதுருட்டிகிட்ட பதிமூணு கண் ரயில் பாலத்தப் பாத்ததும் ஓரங்கட்டி, தலைல அருவித்தண்ணி காயாத புள்ளைகள நிக்க வச்சு போட்டோ எடுக்காங்க. "இது மேல இப்பவும் வண்டி போகுதாண்ணே"ன்னு என்கிட்டயே கேக்காங்க. 1904ல வந்த லைன் இது! 2010ல மீட்டர்கேஜ நிறுத்தி 2018ல அகலப்பாதையா திறக்கதுக்குள்ள சனம் பஸ்ஸுக்கும் காருக்கும் பழகிப்போச்சு.

அடுத்த சிக்கல் டைமிங். பாலருவின்னு அருவி பேர வச்ச எக்ஸ்பிரஸே இந்த மலையக் கடக்கது ராத்திரில, ஜன்னல்ல என்னத்தப் பாக்க?

அதனால எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு நான் சொல்லுதது, போக பஸ், திரும்ப ரயில். காலைல பஸ்ல புனலூர் போயி, கல்லடையாத்துல 1877ல கட்டுன தொங்குபாலத்த நடந்து பாத்துட்டு, கொல்லத்துல இருந்து மத்தியானம் வர்ற சென்னை எக்ஸ்பிரஸ்ல ஏறணும் (டைம் மாத்திக்கிட்டே இருப்பாங்க, ஆப்ல பாத்துக்கிடுங்க). பின்னாடி ஒரு இன்ஜின் தள்ள வண்டி மெதுவா மலை ஏறும், ரப்பர் தோட்டம் போயி காடு வரும், பாலத்து மேல போகையில கீழ ரோட்டுல நிக்கிற புள்ளைக கை காட்டும், ஆரியங்காவு தாண்டி குகைக்குள்ள போயி பகவதிபுரம் பக்கம் வெளிய வந்தா காத்தே வேற மாதிரி, வயலும் தென்னையுமா நம்ம சீமை விரிஞ்சு கெடக்கும்.

இந்த விவரத்த டைம், டிக்கெட் ரேட்டோட பாலத்தடியிலயும் குத்தாலம் லாட்ஜுகள்லயும் பெருசா எழுதி வைக்கணும். அத விட முக்கியம் வேன் டிரைவர் அண்ணாச்சிங்க, டூரிஸ்ட் அவங்க சொல்ற எடத்துக்குத்தான் போவாங்க. குடும்பத்த புனலூர் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டு காலி வேனோட செங்கோட்டைல வந்து நின்னுக்கிடலாம், அவங்களுக்கும் வாடகை குறையாது.

ரயில்வேகிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சனி ஞாயிறாவது காலைல செங்கோட்டைல எடுத்து பொழுதடையுமுன்ன திரும்புற மாதிரி ஒரு பாசஞ்சர் விடுங்க. ஏசி பெட்டியெல்லாம் வேண்டாம், ஜன்னல் திறக்கிற சாதா பெட்டியா இருக்கணும், சாரல் மூஞ்சில அடிக்கணும்லா.