அதிர்வு மெஷினில் நின்றால் தொப்பை குறையுமா?

கேள்வி: தலவாக்கலையில் தையல் கடை நடத்துகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஏறி நின்றால் உடம்பெல்லாம் அதிரும் மெஷின் ஒன்றைத் தவணைக்குத் தருகிறார்கள். பத்து நிமிடம் நின்றால் ஒரு மணிநேரம் ஓடியதற்குச் சமமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தக் கணக்கு பொய். தட்டு வினாடிக்கு 20, 30 தடவை அதிரும்போது தசைகள் தாமாகவே இறுகுவது உண்மைதான். ஆனால் அதில் செலவாகும் சக்தி கொஞ்சம்தான். சும்மா நின்றால் மூச்சே வாங்காதே, அப்புறம் கொழுப்பு எப்படிக் கரையும்? அமெரிக்காவில் டொக்டர் கெலாக் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதிரும் நாற்காலி வைத்திருந்தார், இந்த அதிர்வு ஆசை பழையது.

இந்த மெஷினில் நின்ற வயதானவர்களுக்குக் கால் பலமும் சமநிலையும் ஓரளவு கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு. கர்ப்பிணிகளும், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்களும், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்களும் ஏறவே கூடாது.

உங்கள் ஊரில் ஏற்றத்துக்கா பஞ்சம்? வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடவுங்கள். மழை நாளில், ஒவ்வொரு சட்டை தைத்து முடித்ததும், மேசையில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். தொடை கடுக்கும். அந்தக் கடுப்பு நல்லது. முழங்கால் வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.