விவாகரத்து வாய்தாவுக்குப் போய்வரக் காசில்லை: கேள்வி பதில்

பெரும்பாலான கேள்விகள் இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்குகள் பற்றியவை. மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு பதில் இருக்கிறது.

அக்கா, நான் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் சென்னையில் விவாகரத்து கேட்டிருக்கிறார். கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர வசதியில்லை. போகாமலே விட்டுவிட்டால் என்ன?

அவர் சொல்வதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம், நம் கோர்ட்டு பாஷையில் எக்ஸ்பார்ட்டி. போக முடியவில்லை என்றால் அதை மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது.

முதலில், எல்லா வாய்தாவுக்கும் நீங்கள் நேரில் நிற்கத் தேவை இருக்காது. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க அனுமதி வாங்க வேண்டும், வழக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பல வாய்தாக்களை அவரே பார்த்துக்கொள்வார். கவுன்சலிங், உங்கள் சாட்சியம், குறுக்கு விசாரணை, இவற்றுக்குத்தான் நீங்கள் வேண்டும். எந்தத் தேதிக்கு வந்தே ஆக வேண்டும் என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "எதற்கும் வந்துவிடுங்கள்" என்று சொல்லும் வக்கீலிடம் காரணம் கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது, இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 24. சொந்த வருமானம் போதாதவருக்கு வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இந்த மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதனால் சீக்கிரம் போடுங்கள். மனுவில் "செலவு அதிகம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். டிக்கெட், துணைக்கு வருபவர், தங்கும் செலவு, வேலைக்குப் போகாததால் இழக்கும் சம்பளம் என்று ஒரு பயணத்துக்கான கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள், டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் வருமானம், சொத்து பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அவர் சம்பளத்தை மறைப்பது அதனால் கொஞ்சம் கஷ்டம்.

மூன்றாவது, வழக்கையே உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்பது. மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றம், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம். கைக்குழந்தையும் தூரமும் உங்களுக்குச் சாதகமான காரணங்கள். சில சமயம் மாற்றாமல், போக்குவரத்துச் செலவைக் கணவர் தர வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். அதுவும் லாபம்தான்.

இதற்கெல்லாம் வக்கீலுக்குக் கொடுக்கவே காசில்லையே?

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பே கிடையாது. அந்த வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் ஆணைக்குழுவிடமே சொல்லி வேறு ஆள் கேட்கலாம்.

நான் ஆண், வேலை போய்விட்டது. எனக்கு வழி உண்டா?

உண்டு. பிரிவு 24 கணவருக்கும் பொருந்தும். ஆனால் திடகாத்திரமான ஆள் ஏன் சம்பாதிக்கவில்லை என்ற கேள்வி வரும், பதிலோடு போங்கள். இலவச வக்கீலுக்கு உங்களுக்கு வருமான வரம்பு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி என்றால் அந்த வரம்பு இல்லை.

வீடியோ காலில் ஆஜராகலாமா சார்?

சார் இல்லை, அக்கா! கேட்கலாம், நீதிபதி அனுமதித்தால் உண்டு. 2017 அக்டோபரில் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சமரச முயற்சி தோற்ற பிறகே காணொலி என்று சொன்னது. கொரோனாவுக்குப் பிறகு காணொலி பழகிப்போய்விட்டது. வாய்தா அன்று காலையில் கேட்காமல் முன்னாடியே மனு போடுங்கள்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே வந்துவிட்டது. இனி?

30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடுங்கள். சம்மன் முறையாக வரவில்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்து. இதில் அசட்டையாக இருக்காதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டால் எதிர்த்தரப்பு மறுமணம் செய்துகொள்ள முடியும், அப்புறம் சிக்கல் பெரிதாகும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். பிரிவு 24 உண்டா?

அது இந்து திருமணச் சட்டப் பிரிவு. உங்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் பிரிவு 36, அதில் மனைவி மட்டுமே கேட்க முடியும். மதம் எதுவானாலும் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத மனைவி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144-இல் ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125-தான் அது, 2024 ஜூலை முதல் எண் மாறியிருக்கிறது. அந்த மனுவைத் தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், சென்னைக்கு ஓட வேண்டாம்.