மனப்பாடம் பண்ணிப் பேசுறது

அன்புள்ள சார்,

நான் தர்மபுரி பக்கம், எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். புளியங்கொட்டைத் தூளை வச்சு கிணத்துத் தண்ணில ஃப்ளோரைடைக் குறைக்கிறதுதான் ப்ராஜெக்ட். போன வாரம் ரிவ்யூ, பத்து நிமிஷம். 34 ஸ்லைடு போட்டு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஆறாவது ஸ்லைடுல ஒரு வார்த்தை மறந்துச்சு, அதோட எல்லாமே போச்சு. ஸ்க்ரீனைப் பாத்து வாசிச்சேன், "போதும்மா"ன்னுட்டாங்க. அடுத்த மாசம் வைவா. கை நடுங்குது சார். (பேர் போடாதீங்க.)

அன்புள்ள வாசகிக்கு,

இது மேடை பயம் இல்லம்மா, மனப்பாடம் பண்ண வினை. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவுல யாராவது கூப்பிட்டா திரும்ப ஓரொண்ணு ஒண்ணுலேர்ந்துதானே ஆரம்பிக்கணும், அதே கததான். சர்ச்சிலுக்கே 1904ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இப்படி ஆச்சு, முக்கா மணி நேரம் நல்லா பேசிட்டு வந்தவருக்கு அடுத்த வாக்கியம் வரவே இல்ல, தடுமாறி நன்றி சொல்லிட்டு உக்காந்துட்டார். அப்புறம் பேசப்போனா கையில குறிப்பு வச்சுக்கிறதே அவர் வழக்கமாயிடுச்சு.

நீங்களும் முதல் மூணு வாக்கியமும் கடைசி ஒண்ணும் மட்டும் நெட்டுரு போடுங்க. மத்ததுக்கு உள்ளங்கை சைஸ் கார்டுல பாயின்ட் போதும். ஏ4 பேப்பர் வேண்டாம், கை நடுங்குறத அதுதான் ஊருக்கே காட்டிக்குடுக்கும்.

34 ஸ்லைடெல்லாம் அநியாயம். ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டி 2008ல ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க, முழு பிஎச்.டி ஆராய்ச்சியையும் மூணே நிமிஷம், ஒரே ஸ்லைடுல சொல்லணும். உங்களுக்கு பத்து நிமிஷம் இருக்கு, எட்டு ஸ்லைடு தாராளம். "இன்ட்ரொடக்‌ஷன், அப்ஜெக்டிவ்ஸ், மெத்தடாலஜி"ன்னு வரிசையா லிஸ்ட் போட்டிருப்பீங்களே, முதல்ல அதத் தூக்குங்க.

ஃப்ளோரைடு ஜாஸ்தியான தண்ணியக் குடிச்சுப் பல்லுல காவி ஏறின பசங்கள உங்க பக்கத்துல நீங்களே பாத்திருப்பீங்க, அங்கேர்ந்து ஆரம்பிங்க. வேற தண்ணி கிடைக்காத இடத்துல கூட லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடுக்கு மேல போகக்கூடாதுன்றது நம்ம நாட்டு அளவு. நீங்க எடுத்த கிணத்துல எவ்வளவு இருந்துச்சு, தூள் போட்டப்புறம் எவ்வளவு ஆச்சு? உங்க கதையே அந்த ரெண்டு நம்பர்தான், மத்ததெல்லாம் அங்க எப்படிப் போய்ச் சேர்ந்தீங்கன்றது.

அப்புறம், மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறது ப்ராக்டிஸே இல்ல. நின்னுட்டு, வாய்விட்டு, போன்ல ரெக்கார்டு போட்டுப் பேசுங்க. நான் ஒருவாட்டி ஒரு லைப்ரரி விழாவுக்கு அப்படிப் பேசிப் பாத்தேன், இருபது நிமிஷத்துல நாப்பத்தோரு "வந்து"! எண்ணவே கூசிச்சு, ஆனா மறுநாள் பாதியா குறைஞ்சிடுச்சு. அதுக்கும் மேல, அம்மா கீரை ஆயும்போது பக்கத்துல உக்காந்து தமிழ்ல இதச் சொல்லுங்க. "கொட்டையத் தூக்கித் தண்ணில போட்டா அது எப்படிடி அத இழுக்கும்?"னு கேப்பாங்க பாருங்க, அந்தக் கேள்விக்கு நீங்க சொல்ற பதில்தான் மூணாவது ஸ்லைடு. அத அப்புறமா சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா மாத்திக்கலாம்.

நடுவுல மறந்தா கார்டைப் பாருங்க, தண்ணி ஒரு வாய் குடிங்க. உங்களுக்குத்தான் அது யுகம் மாதிரி இருக்கும், எதிர்ல இருக்கவங்களுக்கு ரெண்டு செகண்டு.

கடைசியா ரோஜாப்பூ படத்தோட "தேங்க் யூ" ஸ்லைடு போட்டிருந்தா (போட்டிருப்பீங்க, தெரியும்) அத எடுத்துடுங்க. அந்த ரெண்டு நம்பர் இருக்க ஸ்லைடையே ஸ்க்ரீன்ல விட்டுட்டு கேள்விக்கு நில்லுங்க.