மறுபடியும் நிற்கலாமா? ஊராட்சித் தேர்தல் கேள்வி பதில்

ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டி, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்று, இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தல்களில் வேட்புமனு வாங்கும் மேசைக்குப் பின்னால் நான்கு முறை உட்கார்ந்தவன். சென்னையில் பிழைத்துக்கொண்டு ஊரில் ஒரு கால் வைத்திருப்பவர்களும், புறநகர் ஊராட்சிக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மாம்பலம்; சொந்த ஊர் கடலூர் பக்கம்): ஐயா, 2019-இல் ஊராட்சித் தலைவராக வென்றேன். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போய்விட்டது. மறுபடியும் நிற்கத் தடை உண்டா?

பதில்: இல்லை. இத்தனை முறைதான் நிற்கலாம் என்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் வரம்பு கிடையாது. சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில் ரங்கசாமி இளங்கோ 1996-இல் வென்றார், 2001-இலும் வென்றார். அப்படி இரண்டாம் முறையும் வருகிறவர்கள் குறைவு என்பதுதான் என் அனுபவம். முதல் தடவை உங்கள் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டார்கள். இந்தத் தடவை ஊர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுவார்கள்.

கேள்வி (அம்பத்தூர்): எங்கள் ஊராட்சி 2019-இல் பொதுப் பிரிவு. இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு ஒதுக்கீடு இரண்டு தேர்தல்களுக்கு நீடிப்பதுதான் நம் மாநில நடைமுறை. ஆனால் வார்டு மறுவரையறை, ஊராட்சிப் பிரிப்பு, இணைப்பு என்று ஏதாவது நடந்தால் கணக்கு மாறும். டீக்கடையில் சொல்வதை நம்பாமல் அரசிதழில் வருவதைப் பாருங்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே சுவரில் சுண்ணாம்பு அடித்து இடம் பிடித்தவர்கள் பலர் ஏமாந்ததைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (போரூர்): பெண்களுக்கு என்று வந்துவிட்டால் என் மனைவியை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். வேலையை நானே பார்த்துக்கொள்வேன். இதில் சிக்கல் வருமா?

பதில்: வரும். வரவும் வேண்டும். தீர்மானத்தில் கையெழுத்து அவருடையது, பணம் எடுப்பதற்கும் அவர் கையெழுத்துதான். தணிக்கையில் மாட்டினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. நீங்கள் வாசலில் நிற்பீர்கள். 2016-இல் சட்டம் திருத்தி உள்ளாட்சிகளில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது கணவர்மார் ஆள்வதற்கு அல்ல. நிற்க விருப்பமா என்று முதலில் அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

கேள்வி (கிண்டி): பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக இருந்தேன். இனி அது பொதுப் பிரிவானால் நான் நிற்க முடியாது என்று ஊரில் சொல்கிறார்கள்.

பதில்: யார் சொன்னாலும் பொய். பொது இடம் என்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான் பொது. 2019 கணக்குப்படி தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 300. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடக்கவிடாமல் செய்தார்கள்; 2006-இல்தான் அங்கே தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள், இந்தப் பேச்சுக்கெல்லாம் எழுந்து போக வேண்டாம்.

கேள்வி (வேளச்சேரி, ஊர் திருவண்ணாமலை மாவட்டம்): 2019-இல் வார்டு உறுப்பினராக இருந்தேன். பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னைக்கு வந்து வாக்காளர் அட்டையையும் இங்கே மாற்றிவிட்டேன். ஊரில் வீடு, நிலம் எல்லாம் இருக்கிறது. தலைவருக்கு நிற்கலாமா?

பதில்: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சே இல்லை. உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. வீடு இருப்பது மட்டும் போதாது. வழக்கமாக அங்கே வசிக்கிறீர்களா என்பதே கேள்வி. இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்வது குற்றம். பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு.

உண்மையில் ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். அதைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய வாரம் செய்யாதீர்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஊர்ப்பக்கம் வருகிறவர் என்று எதிராளி ஒரு வரி சொன்னால் போதும், அதற்குப் பதில் சொல்லியே பிரசாரம் முடிந்துவிடும்.

கேள்வி (தாம்பரம்): மனு எந்தக் காரணத்துக்காக அதிகம் தள்ளுபடி ஆகிறது?

பதில்: நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பரிசீலனை நாள். பதவியில் இருந்த தலைவர் மாலையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார். எதிர்த்து நிற்பவர் ஒரு தாளை நீட்டுகிறார்: தலைவரின் வீட்டு வரி இரண்டு ஆண்டு பாக்கி, கேட்பு அறிவிப்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஊர் முழுக்க வரி கட்டச் சொல்லித் தண்டோரா போட வைத்தவர் தன் வீட்டுக்குக் கட்டவில்லை. ஊராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர் நிற்க முடியாது என்பது சட்டம். ஊராட்சிச் செயலர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுகிறார், பக்கம் புரளும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசியில் தலைவரின் தம்பி சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு ரசீதை எடுத்தார். போன மாதம்தான் தலைவரின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் கட்டியிருக்கிறார். மனு பிழைத்தது. அந்த ரசீது இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஆகவே வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியோடு ஒப்பந்த வேலை எதுவும் உங்கள் பெயரில் ஓடக் கூடாது.

கேள்வி (பள்ளிக்கரணை; ஊர் விழுப்புரம் மாவட்டம்): 2021-இல் தலைவரானேன். துணைத் தலைவர் எனக்கு எதிர் அணி. பணம் எடுக்கக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். கால்வாய் வேலை பாதியில் நின்றது. இதை மக்களிடம் எப்படிச் சொல்வது?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வந்தது. தலைவர், துணைத் தலைவர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும். அது உங்களைத் தொல்லை செய்ய வைத்த விதி அல்ல. ஒருவரே சுருட்டக் கூடாது என்று வைத்த பூட்டு. ஆனால் இரண்டாவது சாவியை வைத்திருப்பவர் யார் என்பதை முடிவு செய்வது வார்டு உறுப்பினர்கள். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

முதல் முறை நிற்பவர் தன் ஓட்டை மட்டும் எண்ணுகிறார். இரண்டாம் முறை நிற்பவர் ஒன்பது வார்டு என்றால் ஐந்து வார்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆமாம் போடுகிறவர்கள் தேவையில்லை. வேலையை முடக்காதவர்கள் போதும்.

மக்களிடம் சொல்வதற்கு வருவோம். 'அவர் கையெழுத்துப் போடவில்லை' என்று திண்ணையில் சொன்னால் அது புலம்பல். எந்தத் தேதிக் கூட்டத்தில் கால்வாய்த் தீர்மானம் நிறைவேறியது, எந்தத் தேதியில் வேலைக்கான பணப் பட்டியல் அவருக்குப் போனது, நீங்கள் மாவட்ட ஆட்சியருக்கு எப்போது எழுதினீர்கள் என்று கிராம சபையில் படித்தால் அது கணக்கு. ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒன்றிலாவது அதைச் சொன்னீர்களா? சொல்லாமல் தேர்தல் சமயத்தில் மட்டும் எடுத்தால், சாக்கு என்றுதான் நினைப்பார்கள். நான் ஓட்டாளியாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

கேள்வி (ஆவடி): போன முறை பூட்டு சாவி சின்னம். அதையே கேட்டு வாங்க முடியுமா?

பதில்: கேட்கலாம், உரிமை கிடையாது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி சார்பற்றது. எல்லாம் பொதுச் சின்னம். வேறொருவரும் கேட்டால் குலுக்கல். ஒன்றிய கவுன்சிலருக்கும் மாவட்ட கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்புச் சீட்டு என்பதை உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நான்கு நிறச் சீட்டையும் கையில் வாங்கித் திகைத்து, ஒன்றில் இரண்டு முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): செலவு வரம்பு 34,000 ரூபாயாம். எங்கள் ஊரில் லட்சக்கணக்கில் போகிறது. என்ன செய்ய?

பதில்: 2019-இல் தலைவருக்கு 34,000, வார்டு உறுப்பினருக்கு 9,000 என்று வைத்தார்கள். அடுத்த அறிவிப்பில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லட்சம் செலவழிக்கிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: தலைவரின் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 1,20,000. மிச்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? ஊரும் இந்தக் கணக்கைப் போடும். பணம் கொடுத்தவரிடம் வாங்கிக்கொண்டு வேறொருவருக்குக் குத்துகிற சாமர்த்தியமும் ஊருக்கு உண்டு.

கேள்வி (மேடவாக்கம்): எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. சேர்த்தால் தலைவராக இருந்தவர் நிலை?

பதில்: பதவியே இருக்காது. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 25 கிராம ஊராட்சிகள் அதில் கரைந்தன. அப்புறம் மாமன்ற உறுப்பினர் தேர்தல்தான். அது கட்சிச் சின்னத்தில் நடப்பது, வார்டும் பெரியது. தெருவுக்குத் தெரு உங்களைத் தெரியும் என்ற பலம் அங்கே பாதியாகிவிடும். இப்போதைக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது, ஐந்தாண்டு 2026 அக்டோபரில் நிறைகிறது. பேச்சை நம்பி வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (பலர்): வயது, படிப்பு?

பதில்: 21 நிறைந்திருக்க வேண்டும். படிப்புத் தகுதி கிடையாது.

கேள்வி (சைதாப்பேட்டை): ஏற்கெனவே ஒருமுறை தோற்றவன். தோற்றவர்கள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டுமா? யாரும் கேட்கவே இல்லை.

பதில்: கட்டாயம். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் கோயம்பேடு பஸ் நிலையத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. இப்படிக் கணக்குக் கேட்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று ஒருவர் என்னிடம் சண்டை போட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படிக்கச் சொன்னேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் உறவினர் பெயரையும்தான். அதே கல்வெட்டில் முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. அந்த விதி மட்டும் இன்று இருந்தால் இந்தக் கேள்விகளில் பாதி எனக்கு வந்திருக்காது.

சில ஓட்டில் தோற்ற ஒரு பழைய தலைவர் மூன்றாம் நாளே என் மேசைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒலிபெருக்கி வாடகை, நோட்டீஸ் அச்சுக்கூலி, டீக்கடை பில் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். பையின் அடியில் மோட்டார் அறைச் சாவி கிடந்தது. "இதை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டார். செயலரைக் கூப்பிட்டு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.