இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டுமா?

எனக்கு மூன்றாவது மாதம். இனி இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்கிறார்கள். சரியா?

இப்போதைக்கு ஒருவருக்குச் சாப்பிட்டால் போதும். முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி தேவையே இல்லை. அப்புறம் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதம் 450. ஒரு நல்ல சிற்றுண்டியில் அடங்கிவிடும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் மறக்காதீர்கள்.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தைக்கும் வந்துவிடுமா?

சர்க்கரை நோயோடு பிறந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் அலட்சியமும் வேண்டாம். உங்கள் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் குட்டிக் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. அந்த இன்சுலின்தான் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கிறது. பிறந்ததும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்களே, அதற்கும் இதுதான் காரணம்: கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுபோகும், இன்சுலின் சுரப்பு உடனே நிற்காது, சர்க்கரை சடாரென்று இறங்கலாம்.

பரம்பரைதானே என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பீமா பழங்குடியினரில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நோய் வந்தபின் பிறந்தவர்களுக்கு, அதற்கு முன் பிறந்த உடன்பிறப்புகளைவிடச் சர்க்கரை நோய் அதிகம். பரம்பரையோடு கருப்பைக்கும் பங்கு உண்டு என்பது என் முடிவு. நல்ல சேதி, அந்தப் பங்கு ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது: உணவு, நடை, தேவைப்பட்டால் இன்சுலின். ஊசி என்றதும் அழுதுவிடுகிறார்கள். தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஏற்கெனவே குண்டு. இப்போதே பட்டினி கிடந்து இளைக்கலாமா?

கூடாது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். ரேஷன் நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. பற்றாக்குறையில் வளர்ந்த உடல் கிடைப்பதைச் சேமிக்கவே பழகுகிறது என்பது ஒரு விளக்கம். உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், BMI) 30-க்கு மேல் என்றால் மொத்தம் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும். இளைப்பதைப் பிரசவத்துக்குப் பின் பார்க்கலாம்.

வாந்தியால் இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பாதிப்பா?

வழக்கமான மசக்கை பஞ்சம் ஆகாது. தண்ணீர்கூடத் தங்கவில்லை, எடை இறங்குகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.