வாசகர் கேள்வி: குளூட்டமேட் ஒன்றுதான், விளைவும் ஒன்றுதானா?

கேள்வி: மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள நியூரான்களைக் கிளர்த்தும் இழைகள் எல்லாம் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளையே வெளிவிடுகின்றன என்று பாடம் நடத்தினேன். அப்படியானால் எந்த இழை வழியாகச் செய்தி வந்தாலும் விளைவு ஒன்றுதானே என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது?
- உயிரியல் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: விளைவு ஒன்றல்ல. கொடிவேரி அணையில் பிரிந்து தடப்பள்ளி வாய்க்காலிலும் அரக்கன்கோட்டை வாய்க்காலிலும் ஓடுவது பவானித் தண்ணீர்தான் என்றாலும், ஒரு வயலுக்குள் அது எப்போது, எவ்வளவு பாயும் என்பதை அந்த வயலின் மடையே முடிவு செய்கிறது. குளூட்டமேட்டுக்கு மடையாக இருப்பவை, அதைப் பெறும் செல்லின் சவ்வில் பதிந்துள்ள ஏற்பிகள்.

இந்த ஏற்பிகளில் பல வகை உண்டு. ஆம்பா ஏற்பி என்ற வகை, குளூட்டமேட் ஒட்டியவுடன் திறந்து சோடியம் அயனிகளை உள்ளே விடுகிறது. என்எம்டிஏ ஏற்பி என்ற இன்னொரு வகையின் துளையையோ மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கிறது. செல் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் அந்த அடைப்பு விலகும் என்பது 1984இல் தெரியவந்தது. அடைப்பு விலகியதும் கால்சியம் உட்புகுந்து, அந்த இணைப்பை நெடுநேரத்துக்கு வலுப்படுத்தும் வேலைகளைத் தொடங்கிவைக்கிறது.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருவோம். ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதியிலுள்ள ஒரு பிரமிடு செல்லை (பிரமிடு வடிவ உடல் கொண்ட நியூரானை) எடுத்துக்கொண்டால், அண்டையிலுள்ள சிஏ3 செல்களிலிருந்து அதற்கு வரும் இணைப்புகள் எலியில் ஏறத்தாழ 12,000. பக்கத்துப் பகுதியான டென்டேட் கைரஸிலிருந்து வரும் பாசி இழைகளின் இணைப்புகளோ ஐம்பதுக்கும் குறைவு. ஆனால் பாசி இழைகளின் முனைகள் மிகப் பெரியவை, செல்லின் உடலை ஒட்டியே அமர்ந்திருப்பவை. அங்கே என்எம்டிஏ ஏற்பிகள் குறைவு. குளூட்டமேட்டைப் பெறும் மற்றொரு வகையான கைனேட் ஏற்பிகளும் அங்கே வேலை செய்கின்றன என்பதை 1997இல் இரண்டு குழுக்கள் காட்டின.

என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் தடுத்தால் அண்டைச் செல்களின் இணைப்புகள் வலுப்பெறுவதில்லை. பாசி இழை இணைப்புகள் அப்போதும் வலுப்பெறுகின்றன என்பதை 1986இல் ஹாரிஸ், காட்மன் என்ற ஆய்வாளர்கள் கண்டனர். 1990இல் சலுட்ஸ்கியும் நிக்கோலும் செய்த ஆய்வு, அங்கே மாற்றம் அனுப்பும் முனையில் நிகழ்கிறது என்று, அதாவது குளூட்டமேட் முன்னைவிட அதிகமாக வெளிவருகிறது என்று காட்டியது. ஆகவே மடை உவமையை இந்த இடத்தில் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்: அண்டைச் செல்களின் இணைப்பில் மாறுவது மடை, பாசி இழையில் மாறுவது வாய்க்காலின் தலைமதகு. இரண்டு மாற்றங்களும் ஒரே செல்லின் மீது நடக்கின்றன என்பதைத்தான் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்றும் உண்டு. பாசி இழைகள் செல்லும் அடுக்கிலுள்ள சில இடைநியூரான்களை (அண்டைச் செல்களின் கிளர்ச்சியை அடக்கும் நியூரான்களை) 1998இல் டோத்தும் மெக்பெய்னும் ஆராய்ந்தபோது, பாசி இழை வந்து சேரும் இடத்தில் கால்சியத்தை உள்ளே விடுகின்ற ஆம்பா ஏற்பிகளும், சிஏ3 செல்களின் இழை வந்து சேரும் இடத்தில் கால்சியத்தை உள்ளே விடாத ஆம்பா ஏற்பிகளும் ஒரே செல்லில் இருந்தன. ஜிஎல்யுஏ2 என்ற புரத உறுப்பு ஓர் ஆம்பா ஏற்பியில் இடம்பெற்றால் கால்சியத்துக்கு வழி அடைபடும், இடம்பெறாவிட்டால் திறந்திருக்கும். எந்த இழை எங்கே வந்து சேர்கிறது என்பதற்கேற்ப, செல் தன் ஏற்பிகளை இடம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த மாணவிக்குக் கரும்பலகையில் வரைந்து காட்ட இந்த இடைநியூரானே போதும்.